புளியங்கொட்டை டயர்

சைக்கிள் டயரைப் பற்றி நான் வாயைத் திறந்தால் என் மருமகப்பிள்ளை பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். உள்ளே சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஒன்பது கஜம் கட்டின கிழவிக்கு டயரைப் பற்றி என்ன தெரியும் என்று நினைப்பு. பிடிப்பா, ஓட்டமா, உழைப்பா, மூன்றில் ஒன்றைச் சொல் என்றால் அவருக்கு முன்னால் நான் சொல்வேன்: பிடிப்பு. அப்படிச் சொன்னதால்தான் ஒரு காலத்தில் என் புருஷனின் பெயர் தெரு முழுக்கக் கெட்டது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

யுத்த காலம். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கரமனை ஆற்றங்கரையை ஒட்டி எங்கள் அக்கிரகாரத் தெரு. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்: என் மாமியார், என் புருஷன், நான். அவர் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. அதிர்ந்து பேசாத மனுஷர். அவருக்கு இருந்த ஒரே கர்வம் சைக்கிள். கரமனைப் பாலத்திலிருந்து ஆபீஸ் வரைக்கும் தன்னை முந்தின சைக்கிள் இல்லை என்று சொல்லிக்கொள்வார். வேறெதிலும் அவர் பெருமை அடித்துக்கொண்டு நான் கேட்டதில்லை.

அந்தப் பாலத்தில்தான் ஒரு நாள் அந்த நர்சைப் பார்த்தேன். பிரசவம் பார்க்கப் போகிறவள். வெள்ளைப் புடவை, காரியரில் ஒரு தோல் பை. மணியை அடித்து ஒரு மாட்டு வண்டியை ஒதுங்கச் சொல்லிவிட்டு சைக்கிளில் போய்க்கொண்டே இருந்தாள். வண்டிக்காரன் ஒதுங்கினான்! நான் கறிகாய்க் கூடையோடு அப்படியே நின்றுவிட்டேன். எனக்கும் அது வேண்டும் என்று தோன்றியது. எங்கே போவதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. போகிற இடம் எதுவும் எனக்கு இல்லை. ஆனால் வேண்டும்.

அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அது லேடீஸ் சைக்கிளா இருக்கும். நம்ம சைக்கிள்லே நடுவிலே கம்பி இருக்கே, புடவையோடே எப்படி ஏறுவே?" என்றார்.

"மடிசார்தானே கட்டிண்டிருக்கேன்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆறு கஜம் கட்டுகிறவர்களால் ஆண் பிள்ளை சைக்கிளில் ஏற முடியாது. கச்சம் வைத்துக் கட்டின மடிசாருக்கு அந்தத் தொல்லையே இல்லை. பின்பக்கத்து மடிப்பை மட்டும் செயினில் சிக்காமல் இறுக்கிச் செருகிக்கொள்ள வேண்டும். சைக்கிளுக்கென்றே கண்டுபிடித்த உடை அது. இத்தனை காலமாக அதைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறோம்.

எங்கே கற்றுக்கொள்வது என்பதுதான் கேள்வி. எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. கிழக்கு வெளுக்கும் முன்பே எல்லா வீட்டுப் பெண்களும் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிடுவார்கள். போட்டதும் ஒரே கூட்டமாக ஆற்றுக்குக் குளிக்கப் போவார்கள். ஆண்கள் அந்த நேரத்தில் கொல்லைப்புறக் கிணற்றடியில் இருப்பார்கள். அரை மணி நேரம் தெருவில் ஈ காக்காய் இருக்காது. எனக்கு ஆற்றுக் குளியல் ஒத்துக்கொள்ளாது, தொண்டை கட்டிவிடும் என்று வந்த புதிதிலேயே மாமியார் வீட்டில் குளிக்கச் சொல்லியிருந்தார். அந்த அரை மணி எனக்குக் கிடைத்தது.

முதல் நாளே விழுந்தேன். என் தப்பு பாதி, டயரின் தப்பு பாதி. அவருடைய டயர்கள் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தன. பின் டயரில் ஒரு இடம் வெடித்து, உள்ளே பழைய டயர்த் துண்டை வைத்துத் தைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். ரப்பர் நம் மலைகளிலேயே விளைகிறது, ஆனால் யுத்தம் அத்தனையையும் இழுத்துக்கொண்டுவிட்டது. டயருக்குப் பெர்மிட் வேண்டும். ஈரச் செம்மண்ணில் அந்தத் தேய்ந்த டயர் ஒரே வழுக்காக வழுக்கிவிட்டது; என் முழங்காலில் ஒரு வடு இன்னும் இருக்கிறது. மாமியாரிடம் கிணற்றடியில் விழுந்தேன் என்றேன்.

ஆவணி முடிகிற சமயத்தில் அவருக்குப் பெர்மிட் வந்தது. ஒரே ஒரு ஜோடி. அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வலியசாலையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் சாலைக் கடைத்தெருவில் சைக்கிள் கடைக்கு இருவருமாகப் போனோம். கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்து மனுஷர். மூன்று விதமான டயரை எடுத்து வரிசையாக ஆணியில் மாட்டினார்.

முதலாவது மெல்லியது. மேலே நூல் பிடித்தாற்போல நீளவாட்டில் மெல்லிய வரிகள். "இது ஓட்டத்துக்குள்ளது சார். லேசா மிதிச்சாப் போதும், பறந்திரும். ஆனா கல்லு குத்தும், பாத்துக்கிடுங்க."

இரண்டாவது சிவப்பு. கட்டை மாதிரி கனம். "இது உழைப்பு. யுத்தம் முடிஞ்சாலும் இது முடியாது. மழையில மட்டும் கொஞ்சம் வழுக்கிப் போடும்."

மூன்றாவதில் புளியங்கொட்டை அளவுக்குக் கறுப்பாகப் புடைப்புகள், இரண்டு வரிசை. "இது பொன்முடி மலை ரோட்டுக்கு ஒரு எஸ்டேட்காரர் சொல்லி வெச்சது. பெறவு அவர் வாங்கேல்ல. என்ன சேறானாலும் பிடிச்சு நிக்கும். ஆனா நம்ம ஊர் ரோட்டுக்கு இது வேண்டாம் சார். மிதிச்சு மாளாது."

என் புருஷன் முதல் டயரை விரலால் வருடிக்கொண்டிருந்தார். அந்த வருடலை நான் பார்த்தேன். பார்த்தும் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, ஆசை கண்ணை மறைத்தது. "வழுக்காதுன்னு சொல்றாரே" என்று மூன்றாவதைக் காட்டினேன். அவர் மெல்லிய டயரை விட்டுக் கையை எடுத்தார். "அதையே கொடுங்கோ" என்றார். கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காகிதத்தில் சுற்றினார்.

அன்றிலிருந்து கரமனையிலிருந்து ஆபீசுக்குப் போகிற எல்லாரும் அவரை முந்தினார்கள். சிமெண்டு ரோட்டில் அந்த டயர் வண்டு மாதிரி இரைந்துகொண்டே போகும். ஆபீசுக்குப் போய்ச் சேருகிறபோது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். "என்ன ஓய், சைக்கிளை நீர் ஓட்டறீரா, சுமக்கறீரா?" என்று அடுத்த நாற்காலிக்காரர் கேட்டாராம். அதை அவரே வந்து சொல்லிச் சிரித்தார். எனக்குத்தான் சாதம் இறங்கவில்லை.

துலாவர்ஷம் தொடங்கியது. சாயங்காலம் இடியோடு மழை கொட்டும், விடிந்தால் வானம் கழுவிவிட்டாற்போல இருக்கும். ஈர மண்ணில் அந்த டயர் ஒரு நாள்கூட என்னை வழுக்கவிட்டதில்லை. காலையில் எனக்காகக் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுவார். காற்று குறைந்தால் டயர் மண்ணில் நன்றாகப் படியும், பிடிப்பு கூடும். ஆபீசுக்குக் கிளம்புமுன் பம்பை எடுத்து மூச்சிரைக்க மறுபடி அடித்துக்கொள்வார். தினமும் இது நடந்தது. சீட்டின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு என் பின்னால் ஓடிவருவார். "முன்னாலே பாரு, சக்கரத்தைப் பாக்காதே" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்ல மாட்டார்.

டயர் வழுக்கவில்லை, நான்தான் கோணினேன். ஹாண்டில் என் பேச்சைக் கேட்காது. இந்தப் பக்கம் ஒரு வீட்டுக் கோலத்தில் நுழைந்து, வெளியே வந்து, அந்தப் பக்கம் எதிர்வீட்டுக் கோலத்தில் நுழையும். ஈரச் சாணித் தரையில் அந்தப் புளியங்கொட்டைகள் இரட்டை வரிசையாகப் புள்ளி வைத்துக்கொண்டே போகும். தெருவில் வேறு யாரிடமும் அந்த டயர் இல்லை. காலையில் பெண்கள் ஆற்றிலிருந்து திரும்பி வந்து, அழிந்த கோலத்தைப் பார்த்து முணுமுணுப்பது என் காதில் விழும். சைக்கிளை அஜாக்கிரதையாக ஓட்டுகிறார் என்று அவரைத் திட்டுகிறார்கள், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் கிடந்த வெறுங்கால் தடங்களை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் டயரைத்தான் பார்த்தார்கள்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு காலை. கோவில் வாசலிலிருந்து கிளம்பினேன். பாதித் தெரு வந்ததும், பின்னால் ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்கவில்லை என்று உறைத்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். பார்க்கவில்லை. தெருவின் நட்ட நடுவில், எந்தக் கோலத்தையும் தொடாமல், ஆற்றங்கரை முனை வரைக்கும் போனேன். அங்கே இறங்கத் தெரியாமல் வைக்கோல் போரில் போய் மோதி விழுந்தேன். எழுந்து திரும்பினால், தெருவின் அந்தக் கோடியில் அவர் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார். எங்களுக்கு நடுவில் இரட்டைப் புள்ளி வரிசை, அளவுகோல் வைத்துப் போட்டது போல. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த வேளைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

அந்த நேர்க்கோட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எந்தக் கோலமும் அழியவில்லை, அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

கார்த்திகையில் எங்கள் தெருக்கோடிக் கோவிலில் உற்சவம். சுவாமி சப்பரத்தில் தெருவைச் சுற்றி வருவார். சப்பரத்தின் முன்தண்டில் வலது பக்கம் எங்கள் வீட்டுத் தோள். என் மாமனார் தாங்கியது, அவருக்குப் பிறகு என் புருஷன் தாங்குவது. உற்சவத்துக்கு இரண்டு நாள் முன்பு என் மாமியார் ஆற்றிலிருந்து வந்தார். ஈரப் புடவையை மாற்றாமல் அடுப்படி வாசலில் நின்றார். முகம் செத்துப் போயிருந்தது.

"உன் ஆம்படையான் குடிக்கறானாக்கும்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சிரிப்புக்கு வெட்கப்படுகிறேன்.

"சிரிக்காதே. ஊரே பறையறது. விடியக்காலம் கள்ளுக்கடைக்குப் போய்ட்டுத் தள்ளாடிண்டு வரானாம். கோலம் கோலமா அவன் சைக்கிள் வளைஞ்சு வளைஞ்சு வந்த தடம் கிடக்காம். தினம் தினம் பாத்திருக்கா. இந்த வருஷம் தண்டைத் தொட வேண்டாம்னு அவன்கிட்டே சொல்லியாச்சாம். படித்துறையிலே வெச்சு எங்கிட்டே பறஞ்சா. எல்லாரும் கேட்டுண்டு நின்னா."

சொல்லிவிட்டு அந்த ஈரத்தோடேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸ், மடிசார், டயர், ஆற்றுக்குப் போகிற அரை மணி, எதையும் விடவில்லை. அவர் என் கன்னத்தைத் தொட்டார். "நல்ல பொண்ணு நீ. அவனைக் காப்பாத்தப் பொய் பறையறே. ஆனா கொஞ்சம் நம்பறாப்பலே பறையப்படாதா? பொம்மனாட்டி சைக்கிள் ஓட்டினாளாமே" என்றார்.

சாயங்காலம் அவர் ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். பத்து நாளாச்சு."

"ஏன் சொல்லலை?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "சொன்னா நிறுத்திடுவே. நோக்கு இன்னும் எறங்கத் தெரியலையே" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. தெரு முழுக்கக் குடிகாரன் என்று பேர் வாங்கிக்கொண்டு, அப்பாவின் தோளிலிருந்து வந்த தண்டையும் விட்டுவிட்டு, நான் சைக்கிளிலிருந்து இறங்கக் கற்றுக்கொள்வதற்காகக் காத்திருக்கிறார்! அழுகையாக வந்தது. அழாமல் இரண்டு வார்த்தை கடிந்து பேசிவிட்டுப் போய்விட்டேன். சொன்னால் நம்ப மாட்டார்கள், காட்ட வேண்டியதுதான் என்று அப்போதே முடிவு செய்தேன். அவரிடம் சொல்லவில்லை.

உற்சவத்து அன்று காலை. கோலங்கள் எல்லாம் வழக்கத்தைவிடப் பெரிதாக, செம்மண் கரை கட்டி இருந்தன. பெண்கள் ஆற்றுக்குப் போனார்கள். உற்சவ நாள், பாடம் கிடையாது; அவர் கிணற்றடிக்குப் போனார். நான் சைக்கிளைக் கோவில் முனை வரை தள்ளிக்கொண்டுபோய், ஒரு படியில் காலை ஊன்றி ஏறி உட்கார்ந்து காத்திருந்தேன். ஆற்றங்கரை முனையில் ஈரப் புடவைகளும் பித்தளைக் குடங்களுமாகக் கூட்டம் திரும்பியது. முன்னால் என் மாமியார். நான் மிதித்தேன்.

நேராகப் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முதல் ஐந்தாறு வீடுகளைத் தாண்டுகிற வரை என் மனத்தில் அவரும் இல்லை, சப்பரமும் இல்லை. இவர்கள் எல்லாரும் என்னைப் பார்க்கட்டும் என்ற ஒரே எண்ணம்தான். பார்த்தார்கள். ஒரு குடம் கீழே விழுந்த சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல் கேட்டது, தெளிவாக:

"ஐயோ, இவள் என்னமா நேரே ஓட்டறா! அப்போ அந்தக் கோணல் தடம் இவளோடது இல்லே. அது அவனோடதுதானாக்கும்!"

என் மாமியாரின் முகத்தைப் பார்த்தேன். மருமகள் சொன்னது நிஜம்தான் என்று ஒரு நொடி வெளிச்சம் வந்திருந்த முகம் அந்தப் பேச்சில் மறுபடி அணைந்துபோனது.

ஹாண்டிலை வளைத்தேன். தெரிந்தே வளைத்தேன். இடது பக்கத்து வீட்டுத் தாமரைக் கோலத்தின் நடுவில் ஏறி, வெளியே வந்து, எதிர்வீட்டுத் தேரை இரண்டாகக் கிழித்துக்கொண்டு, மறுபடி இந்தப் பக்கம். பயந்தவள் போலக் கைகளை விறைத்துக்கொண்டேன். சக்கரத்தைப் பார்த்தேன். இரண்டு மாதம் அவர் ஓடி ஓடி மறக்கவைத்த தப்புகளை எல்லாம் ஒன்று விடாமல் செய்தேன். எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் என் கோலத்தின் மேலேயே சைக்கிளோடு விழுந்தேன். அந்த விழுகை மட்டும் பாசாங்கு இல்லை.

சுற்றிலும் சிரிப்பும் கூச்சலும். என் மாமியார் என்னைத் தூக்கவில்லை. குனிந்து, கோலத்தின் குறுக்கே கிடந்த புளியங்கொட்டைத் தடத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, பின்னால் நின்ற பெண்களிடம், "கண்டேளா? இதே தடம். இதே கோணல். என் பிள்ளை குடிக்கலை" என்றார். அப்புறம் என்னிடம் திரும்பினார்.

"எழுந்திரு. கோலமாவை எடுத்துண்டு வா. நீ அழிச்ச எல்லா வாசல்லேயும் நீயே போடு. சாயங்காலம் சுவாமி வரணும்."

ஒன்பது வாசலில் போட்டேன். முழங்கால் எரிய எரியப் போட்டேன். ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தி நின்று, பெண்பிள்ளைக்கு இந்தப் புத்தி எதற்கு என்று கேட்டாள். கேட்கட்டும். சிலர் கேட்டுவிட்டு, ரகசியமாக, பயமாக இல்லையா என்றும் கேட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். முன்தண்டு, வலது தோள். தீவட்டி வெளிச்சத்தில் சப்பரம் எங்கள் வாசலில் நின்றபோது நான் கற்பூரத் தட்டோடு பக்கத்தில் போனேன். வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது அவருக்கு. குனியாமல், உதட்டை மட்டும் அசைத்து, "கிணத்தடியிலேர்ந்து ஓடி வந்தேன். மொதல்லே நேரா வந்ததையும் பாத்தேன்" என்றார். பிறகு சப்பரம் நகர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் சைக்கிளில் ஏறவில்லை. மாமியார் சத்தியம் வாங்கிக்கொண்டார், கொடுத்தேன். அந்த டயர் மட்டும் யுத்தம் முடிந்தும் ஓடியது. பின்சக்கரத்து டயர்தான் சீக்கிரம் தேயும், அதனால் முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டினார். பெர்மிட் எல்லாம் போய், மெல்லிய டயர் கடையில் தாராளமாகத் தொங்கிய பிறகும் இதை மாற்றவில்லை. கனமாக இருக்கிறதே, ஏன் என்று கேட்டால், "இன்னும் உழைக்கறதே" என்பார். புளியங்கொட்டைகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து, கடைசியில் எங்கள் வாசலில் விழுகிற தடம் மற்றவர்களுடையதைப் போலவே ஆனது.

எங்கள் தெருவில் வெகுகாலம் என்னைக் காட்டிச் சிரிப்பார்கள். சைக்கிள் ஓட்டத் தெரியாமல் ஊர்க் கோலத்தை எல்லாம் அழித்தவள் என்று. புதிதாகக் கல்யாணமாகி வருகிற பெண்களுக்கு என் கோணல் ஓட்டத்தைக் கையால் வளைத்து வளைத்து நடித்துக் காட்டுவார்கள். முதலில் ஐந்தாறு வீடு நேராக வந்ததை எல்லாரும் மறந்துவிட்டார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அவர் மட்டும் சிரிக்க மாட்டார். கூடத்தில் உட்கார்ந்து என்னைப் பார்ப்பார்.

அவர் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. ஐப்பசி மாதத்து அந்தக் காலையில் தெருக்கோடியில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றவர் அவர் ஒருவர்தான். இப்போது அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. அதனால் நானே எழுதிவைக்கிறேன்: நான் நேராகத்தான் ஓட்டினேன்.